தாடையில்லாத மீனுக்குப் பெயர்

ஐயம்பேட்டை,
9-8-1970

அன்புள்ள தங்கை ரேணுகாவுக்கு,

அண்ணன் பரசுராமன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். மதுரையில் இன்னும் வெயில் இறங்கவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, எழுது.

என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார்கள். பட்டப்படிப்பு விலங்கியலைத் தமிழில் நடத்தப் போகிறார்களாம். அதற்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். கலைச்சொல் குழுவில் எனக்கு விழுந்த பங்கு ஆதிகால மீன்கள். தாடையே முளைக்காத காலத்து ஜந்துக்கள். ஏப்ரலுக்குள் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமாக இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்த பாடம்தான். இப்போது ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, நீ யார், எந்த ஊர், உன் அப்பன் யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. அலுத்துப் போகிறது அம்மா.

அக்னாதா என்று ஒரு பெரிய வகுப்பு. கிரேக்கத்தில் க்னாதோஸ் என்றால் தாடை. முன்னால் ஒரு ‘அ’ போட்டால் இல்லை என்று ஆகிவிடும், நம் நீதி, அநீதி மாதிரி. தமிழ்த்துறை ராமலிங்கம் பழைய பாட்டிலிருந்து ‘கவுள்’ என்ற சொல்லைக் கொண்டு வந்தார். யானைக்கு மதம் வழியும் கன்னமாம். நான் ‘கவுளிலி’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து, “இன்னா சார், கவுளி மாதிரி கீது!” என்று குரல் வந்தது. பல்லி ஓடின வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. இன்னொருவன், “தவுடைன்னே வெச்சிட்டா போவுது சார்” என்றான். அவன் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். தாடையிலி.

என் முறை உனக்குத் தெரியும். புதுச் சொல்லை முதலில் போர்டில் எழுத மாட்டேன். வாயால் சொல்வேன், மூன்று தரம். பையன்கள் நான் சொன்னபடியே மூன்று தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். சிரித்தால் அந்தச் சொல் தோற்றது. எழுதிப் பார்த்தால் எல்லாச் சொல்லும் அழகாகத்தான் இருக்கும். வாயில் போட்டு மென்றால்தான் கல் கிடக்கிறதா என்று தெரியும்.

இதுவரை தேறியவை: தாடையிலி. வாய் சக்கரம் போல இருப்பதற்கு வட்டவாயி. தோலே ஓடாக இருந்ததற்கு ஓட்டுத்தோலி. முதுகில் ஓடும் தந்திக்கு முதுகுநாண். செவுள் செவுள்தான், மீன் வாங்கும் எவளும் தூக்கிப் பார்ப்பது. கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் லாம்ப்ரேயைக் கல்நக்கி என்றேன். லத்தீன்காரனும் அப்படித்தான் நினைத்தானாம்.

உடற்கூறு உன் பாடம். உங்கள் கல்லூரியில் தாடை எலும்புகளுக்கு என்ன சொல்கிறீர்கள், அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று விவரமாக எழுது.

கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, பிடுங்கிப் போட்டாயிற்று. அதனால் வெற்றிலைப் பெட்டிக்கு ஓய்வு. வேறு விசேஷமில்லை.

உன் அண்ணன்,
பரசுராமன்


மதுரை,
22-8-1970

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரேணு எழுதுகிறேன். எங்கள் பிண அறுவைக் கூடத்தில் மூச்சு விடுகிறவர்களில் நான் ஒருத்தி என்பதால் நலம் என்றே எழுதலாம். ஃபார்மலின் வாடை தலைமுடியை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீயும் அண்ணியும் சௌக்கியம் என்று படித்துச் சந்தோஷம்.

கவுளியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்து அறை டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாங்கள் இன்னும் லத்தீனில்தான் குப்பை கொட்டுகிறோம். கீழ்த்தாடை மாண்டிபிள், மெல்லுவது என்று பொருள். செய்கிற வேலையே பெயர். நாக்கின் அடியில் தனியாகத் தொங்குகிற எலும்பு ஹையாய்ட், கிரேக்க எழுத்து ஒன்றின் வடிவமாம், பார்த்தால் லாடம் மாதிரி இருக்கும். வால் முனை எலும்புக்குக் குயிலின் பெயர், அதன் அலகு போல வளைந்திருப்பதால். பெயர் வைத்தவர்கள் ஒன்றும் ரிஷிகள் இல்லை அண்ணா. அறுத்துப் பார்த்தான், எதைப் போல இருக்கிறதோ அதைச் சொன்னான், சாப்பிடப் போய்விட்டான். நீயும் அப்படியே செய். ரொம்ப அலட்டிக்கொள்ளாதே.

நான் இன்டர்மீடியட் படிக்கும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “தாடை சுறாவுக்கும் உண்டு, மோவாய் மனுஷனுக்கு மட்டும்தான். குரங்குக்குக்கூடக் கிடையாது.” நான் கண்ணாடியில் என் மோவாயைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் முதல் நாள் வகுப்பில் அதைத்தான் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

பல் பிடுங்கின இடம் ஆறிவிட்டதா? பொங்கலுக்கு இருவரும் இங்கே வாருங்கள். அண்ணிக்கு மீனாட்சியைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

அன்புடன்,
ரேணு


ஐயம்பேட்டை,
25-10-1970

அன்புள்ள ரேணுவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் எழுதச் சுணக்கம், கோபித்துக்கொள்ளாதே. இங்கு நாங்கள் நலம். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் பாவு நூல் காயாமல் தறி நின்றுவிட்டது, அதனால் தெருவே சத்தமில்லாமல் கிடக்கிறது.

‘பிரிமிட்டிவ்’ என்ற சொல்லோடு மல்லாடிக்கொண்டிருக்கிறேன். ராமலிங்கம் ‘ஆதி’ என்கிறார். குழுவிலிருந்து வந்த சுற்றறிக்கையில் ‘கீழ்நிலை’ என்று இருக்கிறது. நானும் அத்தியாயத்துக்குக் ‘கீழ்நிலை மீன்கள்’ என்றே தலைப்புப் போட்டுவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

ஒரு செய்தி மட்டும் மனசில் நிற்கிறது. ஆதியில் மீனுக்குச் செவுளைத் தாங்கும் வளைவுகள்தான் இருந்தன. அவற்றில் முன்னால் இருந்தது மடங்கித்தான் தாடை ஆயிற்று என்கிறார்கள். அப்படியானால் தாடை என்பது பிற்பாடு வந்த சௌகரியம். அதற்கு முன்னாலும் பிழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கீழ்த்தாடையில் ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் போனால், மற்ற பக்கம் தானாக வேலை செய்யுமா? நாக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? பேச்சுக்கு எந்தத் தசை முக்கியம்? சாவகாசமாக எழுது. மீன் விஷயமாகத்தான் கேட்கிறேன்.

உன் அண்ணன்,
பரசுராமன்


மதுரை,
8-11-1970

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ எழுதியதே போதும், கோபம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள், பட்டாசுக் காயத்துக்குக் கட்டுப் போட்டே பொழுது போயிற்று. பண்டிகை என்றாலே எனக்கு இப்போது முதுகு வலிக்கிறது.

நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் உள்பக்கம், மோவாய்க்குப் பின்னால் முளை அடித்தது போலக் கட்டியிருக்கிறது. அடியில் ஹையாய்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத் தாடை போனால் மீதித் தாடை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பல்லோடு பல் சேராது. முன் முளை தப்பினால் நாக்கு நிற்கும், பேச்சு குழறும், பழகப் பழகக் கொஞ்சம் தேறும்.

ஆனால் அண்ணா, பாதித் தாடை உள்ள மீன் எந்தக் கடலில் இருக்கிறது? மீன் பேசுகிறதா என்ன? புத்தகத்தில் எதையெல்லாம் சேர்க்கப் போகிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

‘பிரிமிட்டிவ்’ லத்தீனில் முதல் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதில் ‘கீழ்’ எங்கே இருக்கிறது? குழு சொன்னால் நீ எழுதிவிடுவாயா? இது நீ இல்லையே.

பல் பிடுங்கின இடம் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் இல்லை. பொங்கலுக்கு வருகிறீர்களா, அதற்கும் பதில் இல்லை.

அன்புடன்,
ரேணு


ஐயம்பேட்டை,
31-1-1971

ரேணுவுக்கு,

நலம். பொங்கலுக்கு வர முடியவில்லை, பரீட்சைப் பேப்பர் குவிந்துவிட்டது. அண்ணியும் சுகம்.

சொற்களைத் திருத்தியிருக்கிறேன். வகுப்பில் பழையவை தேறவில்லை. புதியவை:

மோவாயிலி. குவிவாயி. சிப்பித்தோலி. முதுகுப்பாவு. செவுளுக்கு மூச்சுவாசல். கல்நக்கி அப்படியே இருக்கிறது.

குழுவுக்கும் இதையே அனுப்பப் போகிறேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் சீக்கிரம் எழுது. இல்லாவிட்டால் எழுத வேண்டாம், உனக்கும் வேலை இருக்கும்.

பரசுராமன்


மதுரை,
6-2-1971

அண்ணா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் புதுச் சொற்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தேன். காஞ்சிபுரத்துக்காரன் என்று காட்ட, தறியிலிருந்து பாவைக் கழற்றிக்கொண்டு போய் மீன் முதுகில் கட்டிவிட்டாய் என்று நினைத்தேன். சிப்பித்தோலியும் நன்றாகத்தான் இருக்கிறது. மோவாயிலி என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

மோவாய் மனுஷனுக்கு மட்டும்தான். சொன்னவன் நீ. மீனுக்கு மோவாய் இல்லை என்றால் மாட்டுக்கும் இல்லை, சிங்கத்துக்கும் இல்லை, எல்லாம் மோவாயிலிதான். முதல் வருஷப் பையன் எழுதினால் நீயே சிவப்பு மையால் அடிப்பாய். இந்தத் தப்பு உனக்கு வராது. வந்திருக்கிறது என்றால் வேறு ஏதோ உன்னை இப்படி எழுத வைத்திருக்கிறது.

உன் முறைப்படியே செய்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சொற்களையும் புதிய சொற்களையும் வாய்விட்டு மூன்று தரம் சொன்னேன். தாடையிலி, வட்டவாயி, ஓட்டுத்தோலி, முதுகுநாண், செவுள். ஒவ்வொன்றிலும் நாக்கு மேலே மடங்க வேண்டியிருக்கிறது. நீ புதிதாகப் போட்ட ஒரு சொல்லிலும் அது இல்லை. எல்லாம் உதட்டிலோ பல்லோரத்திலோ முடிந்துவிடுகிறது. நான் நாக்கை அறுத்துப் பார்த்தே பாடம் நடத்துகிறவள் அண்ணா. என்னிடமா?

பல் பிடுங்கின இடம் ஆறியதா என்று இரண்டு தரம் கேட்டேன். பாதித் தாடை போனால் என்ன ஆகும் என்று நீ கேட்டாய். மக்கு மாதிரி வரிசையாகப் பதில் எழுதி அனுப்பினேன். அதை நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திற. உன் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பல்லுக்கு நடுவே விட்டுப் பார். மூன்று நுழைய வேண்டும். எத்தனை நுழைகிறது என்று எழுது. ‘நலம்’ என்று எழுதாதே. இனி அந்தச் சொல்லை உன் கையெழுத்தில் நான் நம்பப் போவதில்லை.

ரேணு


ஐயம்பேட்டை,
13-2-1971

ரேணு,

நான் காந்தா எழுதுறேன். எனக்கு எழுத்து சரியா வராது, நீ படிச்சிக்கோ. நல்லாக்கிறயாம்மா. நீ போட்ட லெட்டர அவரு படிச்சிட்டு மேசை மேலயே வெச்சிட்டுப் போயிட்டாரு. மறைக்கணும்னு இருந்தா மறைச்சிருப்பாரு. நான் படிக்கட்டும்னுதான் வெச்சாரோ என்னமோ, நான் படிச்சிட்டேன்.

ஒரு விரல்தான் பூருது. ரெண்டாவது பூரல.

பல்லு புடுங்குன எடம் ஆறவே இல்ல. தீபாவளிக்கு முன்ன வீங்கிக்கினு வந்துச்சி. மதராசுல பெரிய டாக்டராண்ட போனோம். சின்னதா சதைய எடுத்துப் பார்த்தாங்கோ. புத்துன்னு சொல்லிட்டாங்கோ. அந்தப் பொகையில எழவ உட்டுத் தொலைன்னு நான் தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டாரா? எலும்புலயும் எறங்கி இருக்குதாம். கீழ்த்தவடைல இந்தப் பக்கம் பூரா எடுத்துடணுமாம். எடுத்துட்டா பொழைக்கலாம்னு சொல்றாங்கோ. ரெண்டு வாட்டி வந்து படுக்கச் சொல்லி தேதி குடுத்தாங்கோ. ரெண்டு வாட்டியும் போவல. கேட்டா புஸ்தகம் முடியட்டும்ன்றாரு.

பகல்ல கஞ்சிதான். அதுவும் ஒரு பக்கமா வெச்சி உறிஞ்சிக்கினு இருக்கிறாரு. பசங்க சிரிச்சாங்களாம் ஒரு நாளு. அதுலேர்ந்து முக்காவாசி போர்டுலயே எழுதிப் போடறாரு. ஊட்டுல பேசறதே இல்ல. நான் பேசுனா தலைய ஆட்டுவாரு. கல்லாட்டம் உக்காந்துக்கினு சொல்லு சொல்லுன்னு காயிதத்துல கிறுக்கிக்கினு இருந்தா எனக்கு வயிறு எரியுதும்மா.

இப்ப மார்ச்சு பதினஞ்சு, எலெக்‌ஷன் முடிஞ்சி வர்ற திங்கக்கிழமை தேதி குடுத்திருக்கிறாங்கோ. இதுக்கும் வரலன்னா அப்புறம் கத்தி வெச்சும் பிரயோசனம் இல்லன்னு டாக்டரு என்னாண்டயே சொல்லிட்டாரு. உனக்கு எழுதக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. மீறிட்டேன். திட்டுனா திட்டட்டும், திட்டறதுக்காவது வாயத் தொறக்கட்டும். நீ சொன்னா கேப்பாரு. என்னால ஆவல ரேணு, ரொம்ப அசந்துட்டேன்.

காந்தா


மதுரை,
17-2-1971

அன்புள்ள அண்ணா,

அண்ணி எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. நான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உனக்குப் பாடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னை நம் ஊர் திருப்புட்குழியிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து, “பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு டாக்டரு படிப்பு?” என்று கேட்ட அப்பாவோடு ஒரு மாசம் பேசாமல் இருந்து படிக்க வைத்தவன் நீ. அந்த நன்றியைச் சொல்லி உன்னை மடக்கப் பார்க்கவில்லை. எனக்கு நீ வேண்டும். அவ்வளவுதான். கூடப்பிறந்தவன் என்று எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ எனக்கு எழுதியதுதான்: தாடை பிற்பாடு வந்த சௌகரியம். அதை எதற்காக எழுதினாய் என்று இப்போது புரிகிறது. அங்கேயே நின்றுவிட்டாயே, அப்படியானால் நீயும் பிழைத்துக்கொள்ளலாம் என்று இன்னும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாதா?

மார்ச் 10 அங்கே வருகிறேன். 15-ஆம் தேதி நீ ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். புத்தகத்தில் என்ன பாக்கி இருக்கிறதோ நான் எழுதி முடிக்கிறேன். என் தமிழ் மோசம், ராமலிங்கம் சார் திருத்தட்டும். வருவாயா, மாட்டாயா என்று ஒரு வரி எழுது.

ரேணு


ஐயம்பேட்டை,
1-3-1971

அன்புள்ள ரேணு,

தெருவில் ஒலிபெருக்கி வைத்து ஓட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். எத்தனை சுலபமாகக் கத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணியைத் திட்டவில்லை. பயப்படாதே.

நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபரில் மதராசில் விஷயத்தைச் சொன்னார்கள். மறுநாள் வகுப்புக்குப் போனேன். தாடையிலி என்றேன். ‘ட’ வரவில்லை, வேறு ஏதோ வந்தது. பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் வைத்த விதிதானே, சிரித்தால் சொல் தோற்றது. அதனால் சொல்லை அடித்தேன். அடுத்தது வட்டவாயி, அதையும் அடித்தேன். ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தேன். தோற்றது என் வாய் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. மீன்களின் உடம்புக்குச் சொல் தேடப் போய், என் உடம்பின் அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன். மோவாயிலி என்று எழுதினபோது எனக்கே தெரியும் அது தப்பு என்று. ஆனால் அதைச் சொல்ல முடிந்தது ரேணு. மூன்று தரம் சொன்னேன், ஒருத்தனும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கத்திக்குப் பயந்து ஓடவில்லை. அப்பாவுக்கு ஏர் இருந்தது, எனக்கு வாய்தான் இருந்தது. வாய் போன வாத்தியாரை வைத்துக்கொண்டு கல்லூரி என்ன செய்யும்? லைப்ரரியில் தூசு தட்ட உட்கார வைப்பார்கள். உன் அண்ணி எதிரில் குழறிக்கொண்டு, கோழை வழித்துக்கொண்டு இருப்பதற்குப் பதில், பேச்சு இருக்கும்போதே போய்விடலாம் என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை, இன்னமும் தோன்றுகிறது. ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

குழுவுக்கு இன்னும் பட்டியல் போகவில்லை. உன் கடிதம் வந்ததும் நிறுத்தி வைத்தேன். அந்தச் சொற்கள் அச்சில் ஏறினால் ஊர் ஊராகப் பையன்கள் மீனுக்கு மோவாய் தேடிக்கொண்டிருப்பார்கள். அது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு. நீ வந்து என் வகுப்பில் நின்று, பழைய சொற்களை உன் வாயால் சொல்ல வேண்டும். மூன்று தரம். பையன்கள் சிரிக்காமல் சொல்லிவிட்டால் அதையே அனுப்பு. பிரின்ஸிபாலிடம் கேட்டுவிட்டேன், டாக்டரம்மா ஒரு நாள் உடற்கூறு நடத்தட்டும் என்றார்.

நீ வருவதாக இருந்தால் நானும் 15-ஆம் தேதி வருகிறேன்.

உன் அண்ணன்,
பரசுராமன்


ஐயம்பேட்டை,
18-3-1971

அன்புள்ள அண்ணா,

வார்டில் கொசு கடிக்காமல் தூங்கினாயா? ஆபரேஷன் திங்கட்கிழமை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்களாம், அண்ணி டிரங்கால் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அங்கே இருப்பேன். அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

இன்று காலை உன் வகுப்புக்குப் போனேன். நீ எங்கே என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, போர்டைத் தொடாமல், தாடையிலி என்றேன்.

திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது தரம் சத்தமாக. மூன்றாவது தரம் வராந்தாவில் போன ராமலிங்கம் சார் நின்றுவிட்டார். வட்டவாயி, ஓட்டுத்தோலி, முதுகுநாண், செவுள், எல்லாம் சொன்னார்கள். ஒருத்தன் சிரிக்கவில்லை. நான்தான் முதுகுநாணில் தடுக்கினேன், அப்போதும் சிரிக்கவில்லை.

முடிந்து வெளியே வரும்போது கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் பின்னாலேயே வந்தான். தணிகாசலம் என்று பெயராம். கவுளி மாதிரி என்று சொன்னவன் அவன்தான் என்று நினைக்கிறேன். “அம்மா, அன்னிக்கு சிரிச்சிட்டோம்மா. சாருக்கு ஒடம்பு சரியில்லன்னு தெர்லம்மா. தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பமா? சாராண்ட சொல்லுங்கம்மா” என்று அழுதுவிட்டான். சொல்லிவிட்டேன்.

பட்டியலை இன்று மத்தியானமே தபாலில் போட்டாயிற்று. இனி உன் வேலை சும்மா படுத்திருப்பது.

உன் தங்கை,
ரேணு


மதராஸ், வார்டு,
20-4-1971

ரேணு,

நீ மதுரை போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. எழுத்து நன்றாகத்தான் வருகிறது பார், கையை ஒன்றும் வெட்டவில்லை.

மூக்கில் குழாய் வழியாகப் பால் இறங்குகிறது. கோபால்ட் கதிர் சிகிச்சை இன்னும் பாக்கி. பேச்சு இல்லை. உன் அண்ணி ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள், பக்கத்துக் கட்டில்காரர் காசிநாதன் என்னோடு சிலேட்டில் சண்டை போடுகிறார்.

ஒரு திருத்தம். ‘கீழ்நிலை மீன்கள்’ என்ற தலைப்பை அடித்துவிட்டு ‘முதல் மீன்கள்’ என்று போடச் சொல்லிக் குழுவுக்கு எழுதிவிடு. நீ சொன்னபோதே செய்திருக்க வேண்டும். தாடை இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது என்ன பாடு என்று இப்போது தெரிகிறது. அவற்றைக் கீழ்நிலை என்று சொல்ல நான் யார்?

பரசுராமன்


ஐயம்பேட்டை,
11-7-1971

அன்புள்ள தங்கை ரேணுகாவுக்கு,

நலம் என்ற சொல்லை நீ தடை செய்திருப்பதால் உள்ளதை எழுதுகிறேன். முகம் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எச்சில் நிற்பதில்லை. சோற்றைக் குழைய வடித்து மோர் விட்டுப் பிசைந்தால் இறங்குகிறது. கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன், உன் அண்ணி மறுபடி நேராக மாட்டிவிட்டாள். “நான் பார்த்துக்கினுதானே இருக்கிறேன், நீயும் பாரு” என்றாள்.

டாக்டர் இன்னும் சில வருஷம் போக வேண்டும் என்கிறார், முழுசாகத் தப்பிவிட்டதாகச் சொல்ல.

கல்லூரி திறந்துவிட்டது. லைப்ரரியில்தான் போடுவார்கள் என்று நினைத்தேன். பிரின்ஸிபால் டைம்டேபிளைக் கையில் கொடுத்துவிட்டார். புது பேட்ச். என்னை முன்பின் பார்த்திராத பிள்ளைகள். உன் அண்ணி, போர்டில் எழுதிப் போட்டுவிட்டு வந்துவிடு என்றுதான் சொல்லி அனுப்பினாள். நானும் அப்படித்தான் போனேன்.

போன இடத்தில் என்ன தோன்றியதோ தெரியவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். என் முறை இதுதான், நான் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள் என்று சைகையில் காட்டினேன். புரிந்துகொண்டார்கள். ‘தாடையிலி’ என்றேன்.

என்ன வந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. அதற்கு எழுத்து இல்லை. ஏதோ குடத்துக்குள் காற்று ஊதினது போல ஒன்று.

நாற்பது பேரும் அதையே திருப்பிச் சொன்னார்கள் ரேணு. கேலி இல்லை. ஒரு முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை. அதுதான் தமிழ்ச் சொல், அதைத்தான் பரீட்சையில் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பயபக்தியாக, வாயை வலப்பக்கம் கோணிக்கொண்டுகூடச் சொன்னான் ஒருவன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்டோபருக்குப் பிறகு சிரிக்கவே இல்லை. தைத்த இடமெல்லாம் இழுத்தது, வலி உயிர் போயிற்று, துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன், நிறுத்த முடியவில்லை. பாவம், பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். முன் பெஞ்சில் பட்டம்மாள் என்று ஒரு பெண், எழுந்து தண்ணீர் கொண்டு வந்தாள்.

பிறகு முதல் தடவையாக என் முறையை மாற்றினேன். சாக்பீஸை எடுத்துப் போர்டில் பெரிதாக எழுதினேன். தா-வில் கோலை வைத்தேன், சொன்னார்கள். டை-யில் வைத்தேன், சொன்னார்கள். இரண்டாம் தரம் திருந்தியது. மூன்றாம் தரம் அறையே அதிரும்படி, சுத்தமாக, நீ அன்று எழுதியிருந்தது போலவே சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன். அந்தச் சத்தத்தில் என்னுடையது தனியாகக் கேட்கவில்லை.

நாளைக்கு வட்டவாயி. நீ மழைக்காலத்துக்கு முன் ஒரு தரம் வந்து போ. காந்தா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஃபார்மலின் வாடையோடு வந்தாலும் பரவாயில்லை, வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
பரசுராமன்